இருட்டு ஹாலுக்குக் கூரையில் கண்ணாடி: எவ்வளவு ஆகும், எதற்கு ஆகும்?

"மதுரையில் 18 அடி அகலம், 50 அடி நீள மனையில் வீடு. இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கிறது. நடு ஹாலில் காலை 11 மணிக்கும் டியூப் லைட் எரிகிறது. மேலே மொட்டை மாடிதான். ஸ்கைலைட் வைக்கக் கொத்தனார் 25,000 ரூபாய் என்கிறார், இன்டீரியர் வேலை செய்பவர் 2 லட்சம் என்கிறார். யார் சொல்வது சரி? வெயிலும் மழையும் உள்ளே வந்துவிடாதா?" இதுதான் கேள்வி.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கொத்தனார் தளத்தை உடைத்து மேலே ஒரு கண்ணாடி வைக்கிற கூலியைச் சொல்கிறார். மற்றவர் 6 அடிக்கு 6 அடி திறப்பு, உள்ளே மர வேலை, ரிமோட் திரை எல்லாம் சேர்த்துச் சொல்கிறார். உங்கள் வீட்டுக்கு இரண்டும் பொருந்தாது. நான் சிவில் வேலையில் இருப்பவன், பழைய வீடுகளைச் சீர் செய்வதுதான் பெரும்பாலும் என் வேலை. என் கணக்கில், ஏற்கெனவே இருக்கும் கான்கிரீட் தளத்தில் 3 அடிக்கு 3 அடி ஸ்கைலைட்டை ஒழுங்காக வைத்து முடிக்க 60,000 முதல் 80,000 ரூபாய் வரை ஆகும். இந்தப் பணத்தில் கண்ணாடியின் பங்கு ரொம்பச் சின்னது. ஓட்டையைச் சுற்றி இருக்கும் விளிம்புக்குத்தான் மீதிச் செலவெல்லாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

தளத்தைத் தொடுவதற்கு முன்னால் மாடிப்படியைப் போய்ப் பாருங்கள். உங்கள் மாதிரி ஒட்டு வீடுகளில் மாடிப்படி பெரும்பாலும் ஹாலில் இருந்தோ ஹாலை ஒட்டியோதான் மேலே போகும். படி முடியும் இடத்தில் மொட்டை மாடியில் ஒரு சின்ன அறை இருக்கும், ஹெட்ரூம் என்போம். பல வீடுகளில் அதற்கு ஒரு இரும்புக் கதவு, ஒரு சின்ன ஜாலி, அவ்வளவுதான். அந்த அறையின் வடக்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் நல்ல அகலமாக ஜன்னல் திறந்து, கண்ணாடி, கிரில், கொசுவலை போட்டு, உள்பக்கம் முழுக்க வெள்ளை அடித்தால் படி வழியாகவே வெளிச்சம் கீழே இறங்கும். தளத்தில் கை வைக்க வேண்டாம், தண்ணீர் தேங்கும் பயம் இல்லை. 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். என்னிடம் ஸ்கைலைட் கேட்டு வந்தவர்களில் பலருக்கு இதைத்தான் செய்து கொடுத்திருக்கிறேன். செய்த பிறகு அவர்கள் ஸ்கைலைட் கேட்கவில்லை.

படி வேறு பக்கம் இருக்கிறது, அது உதவாது என்றால் சரி, மேலே வருவோம்.

முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். மேலே மாடி எடுக்கும் எண்ணம் இருக்கிறதா? மகனுக்கு ஒரு போர்ஷன், வாடகைக்கு ஒரு போர்ஷன் என்று ஐந்து வருடத்தில் மேலே கட்டப் போகிறீர்கள் என்றால் இப்போது செலவழிக்கும் 70,000 ரூபாயும் வீண். அப்போது அந்த ஓட்டையைக் கம்பி கட்டி மூடுவது அதைவிடத் தொல்லை. மாடி எடுக்கும்போதே அடியில் இருந்து மேல் வரை 4 அடிக்கு 4 அடி ஒரு ஓ.டி.எஸ்., அதாவது வானம் பார்த்த திறப்பு, விட்டுக் கட்டுவதுதான் அப்படிப்பட்ட வீட்டுக்குச் சரி. அடுக்குமாடிக் குடியிருப்பின் கடைசித் தளத்தில் இருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். அங்கே மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சங்கத்தின் சம்மதம் எழுத்தில் இல்லாமல் தொடக் கூடாது.

அடுத்தது கூரை என்ன வகை என்பது. மங்களூர் ஓட்டு வீடு என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். அதே அச்சில் கண்ணாடி ஓடு கிடைக்கும். நாலு மண் ஓட்டை எடுத்துவிட்டு நாலு கண்ணாடி ஓடு மாட்டினால் வேலை முடிந்தது, செலவு ஒன்றிரண்டாயிரத்தைத் தாண்டாது. தகர ஷீட், கல்நார் ஷீட் என்றால் அதே வளைவில் பாலிகார்பனேட் ஷீட் ஒன்றை நடுவில் மாற்றிப் போடலாம். மரக்கட்டை மேல் செங்கல் குத்தி, சுண்ணாம்புக் காரை போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் கதை வேறு. அதில் கட்டைகளுக்கு நடுவே ஒன்று, ஒன்றரை அடிதான் இடைவெளி இருக்கும். அந்த இரண்டு கட்டைக்கு நடுவில் நீளவாக்கில் ஒரு திறப்பு எடுக்கலாமே தவிர, கட்டையை அறுக்கக் கூடாது. செங்கற்கள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்பவை, ஒரு இடத்தில் கலைத்தால் பக்கத்தில் உள்ளவையும் இளகும். அந்த வேலை தெரிந்த பழைய கொத்தனார் இருந்தால் மட்டும் செய்யுங்கள். கல் பலகை பாவிய கூரையில் செய்யவே வேண்டாம்.

உங்களுடையது கான்கிரீட் தளம். சாதாரணமாக நாலரை, ஐந்து அங்குல கனம் இருக்கும். அதற்குள்ளே இரண்டு திசையில் கம்பி ஓடும். அறையின் குறுகிய பக்கத்தை இணைத்து ஓடுவதுதான் பாரத்தைத் தாங்கும் மெயின் கம்பி. 12 அடிக்கு 14 அடி ஹாலில் 12 அடிப் பக்கமாக அது ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 3 அடி அகலத்துக்கு ஓட்டை போட்டால் ஆறேழு மெயின் கம்பி நடுவில் அறுபடும். இரண்டு முனையிலும் சுவரில் ஏறி நின்ற கம்பி இப்போது ஒரு முனையில் மட்டும் பிடிப்போடு அந்தரத்தில் நிற்கிறது. புது வீடாக இருந்தால் தளம் போடும்போதே ஓட்டையின் நான்கு பக்கமும் கூடுதல் கம்பி, மூலைகளில் சாய்வாகக் கம்பி என்று கட்டிவிடுவோம். அதற்கு ஆகும் கம்பிச் செலவு சில நூறு ரூபாய்தான். அதனால்தான் புதிதாகக் கட்டுகிறவர்களிடம், தளத்துக்குப் பலகை அடைக்கும் சென்ட்ரிங் வேலைக்கு முன்பே ஸ்கைலைட் பற்றி யோசியுங்கள் என்று விடாமல் சொல்கிறேன். இப்போது 70,000 ரூபாயில் செய்வதை அப்போது 25,000, 30,000-க்குள் முடித்திருக்கலாம்.

பழைய தளத்தில் உள்ளே கம்பி சேர்க்க முடியாது. அதனால் அடியில் இரும்புச் சட்டம் கொடுத்துத் தாங்க வேண்டும். ஹாலின் குறுக்கே சுவரில் இருந்து சுவருக்கு இரண்டு சி சேனல் (‘C’ வடிவ இரும்பு உத்தரம்), அவற்றுக்கு நடுவே ஓட்டையின் மற்ற இரண்டு பக்கத்துக்கும் இரண்டு சின்னத் துண்டு. 12 அடி அகலத்துக்கு 125 மி.மீ. சேனல் போட்டால் மொத்தம் 125 கிலோ வரும். பட்டறையில் வெட்டி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து, மேலே ஏற்றிப் பொருத்த கிலோ 120 ரூபாய் என்று வைத்தால் 15,000. சுவரில் அது உட்காரும் இடத்தில் இரும்புத் தகடு, ஆங்கர் போல்ட், தளத்துக்கும் சேனலுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை நிரப்பும் கிரவுட் எல்லாம் சேர்த்து 18,000 முதல் 22,000 வரை போகும். 25,000 ரூபாய் எஸ்டிமேட்டில் இந்த வரியே இருக்காது. "சின்ன ஓட்டைதானே சார், ஒன்றும் ஆகாது" என்பார்கள். ஆகாமலும் இருக்கலாம். இரண்டு மூன்று வருடம் கழித்து ஓட்டையின் மூலையில் இருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும்போதுதான் தெரியும்.

உங்கள் தளத்துக்கு எந்த அளவுச் சேனல், உண்மையில் சேனல் தேவையா, ஓட்டை எங்கே வரலாம் என்பதை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும். 3,000 முதல் 5,000 ரூபாய் வாங்குவார். கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கச் சின்னக் கருவி உண்டு, தளத்தின் அடியில் வைத்து நகர்த்தினால் காட்டிவிடும். தளத்தின் அடிப்பக்கம் எங்காவது பூச்சு உப்பி, கம்பி துருப்பிடித்துக் காரை உதிர்ந்திருந்தால் அவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். அந்தத் தளத்துக்கு முதலில் வேறு வைத்தியம் தேவை. பீம் மேலே, தூணை ஒட்டி, சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் ஓட்டை எடுக்கவே கூடாது. சதுரத்துக்குப் பதில் நீள்சதுரமாக எடுப்பதானால் நீளப் பக்கம் மெயின் கம்பி ஓடும் திசையிலேயே இருக்கட்டும். அப்போது அறுபடும் மெயின் கம்பி குறையும்.

வெட்டும் முறையிலும் விஷயம் இருக்கிறது. 3 அடிக்கு 3 அடி, 5 அங்குல கனத் துண்டின் எடை சுமார் 265 கிலோ. சம்மட்டியால் அடித்து உடைத்தால் அந்த அதிர்வு முழுத் தளத்துக்கும் போகும். அடிப்பக்கத்துப் பூச்சு ஓட்டையைத் தாண்டி ஒரு அடி, இரண்டு அடி வரை பெயர்ந்துவிடும். வைரப் பல் வைத்த வட்ட ரம்பத்தால் அறுப்பதுதான் சரி. அடியில் ஜாக்கி முட்டுக் கொடுத்து, பலகை அடைத்து, மேலே இருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே அறுப்பார்கள். சாம்பல் நிறச் சேறு சுவர் வழியாக ஹாலுக்குள் வழியும், அதனால் சோபா, டிவி, அலமாரி எல்லாவற்றையும் அந்த அறையை விட்டே வெளியேற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் போட்டு மூடினால் போதாது. ஒரே துண்டாக அறுக்காமல் நான்கு துண்டாக அறுத்து ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். அறுத்த பிறகு விளிம்பைப் பார்த்தால் வெட்டிய கம்பியின் முனைகள் வெள்ளிக் காசு மாதிரி பளபளவென்று வரிசையாகத் தெரியும். அன்றைக்கே அவற்றில் ஜிங்க் பிரைமர் தடவி, பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சால் மூட வேண்டும். அப்படியே விட்டால் அந்த முனையில் இருந்துதான் துரு உள்ளே நடக்கும். மெஷின்காரர்கள் ரன்னிங் அடிக் கணக்கு சொன்னாலும் சின்ன வேலைக்கு ஒரு நாள் கூலி என்று குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள். முட்டு, இடிபாடு அள்ளுவது உட்பட 10,000 முதல் 15,000 வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மழை. ஸ்கைலைட் ஒழுகுகிறது என்று சொல்பவர்கள் கண்ணாடியைக் குறை சொல்வார்கள். கண்ணாடி ஒழுகாது. தளமும் சட்டமும் சேரும் இடம்தான் ஒழுகும். இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் ஓட்டையைச் சுற்றி மூன்று அங்குல உயரத்துக்குத்தான் கட்டு கட்டினேன், மாடியில் நடக்கும்போது கால் தடுக்க வேண்டாமே என்று. ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி விடாத மழை. வேப்பிலைச் சருகு போய் மாடியின் தண்ணீர்க் குழாய் வாயை அடைத்துக்கொண்டது. தண்ணீர் நாலு அங்குலம் ஏறி நின்று, கட்டைத் தாண்டி நேராக ஹாலுக்குள் கொட்டியது. காலையில் போனேன். வீட்டம்மா ஒன்றும் சொல்லாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து 9 அங்குலத்துக்குக் குறைந்து நான் கட்டியதில்லை. மாடித் தரையில் தட்டு ஓடு பதித்த மட்டத்தில் இருந்து 9 அங்குலம், வெறும் கான்கிரீட் மட்டத்தில் இருந்து இல்லை.

அந்தச் சுற்றுக்கட்டைக் கான்கிரீட்டாகவே போடுங்கள், தளத்தில் துளையிட்டுக் கெமிக்கல் வைத்துக் கம்பி நட்டு. செங்கலில் கட்டினால் அடியில் உள்ள சந்து எப்போதும் சந்தேகம்தான். கட்டும் தளமும் சேரும் மூலையில் காரையைக் குழிவாக உருட்டிப் பூசி, அதன் மேல் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இரண்டு கோட், நடுவில் ஃபைபர் வலை. பூச்சு கட்டின் உச்சி வரை ஏற வேண்டும். வெளிப்புறத் தட்டோட்டை எவ்வளவு தூரம் பெயர்த்தீர்களோ அதைத் திரும்பப் பதித்து, மழைநீர் கட்டில் மோதி நிற்காமல் இரண்டு பக்கமும் விலகிப் போகும்படி சின்ன வாட்டம் கொடுக்க வேண்டும். இதெல்லாம் 8,000 முதல் 12,000.

கண்ணாடி படுத்த மாதிரி மட்டமாக இருக்கக் கூடாது. ஒரு பக்கக் கட்டை மூன்று நான்கு அங்குலம் உயர்த்திவிட்டால் போதிய சரிவு கிடைக்கும், தண்ணீரும் தூசியும் தேங்காது. நான்கு பக்கமும் கண்ணாடி கட்டைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே நீள வேண்டும். கட்டின் கனத்தையும் சேர்த்துப் பார்த்தால் 9 சதுர அடி ஓட்டைக்குச் சுமார் 16 சதுர அடி கண்ணாடி வேண்டும். எஸ்டிமேட்டில் 9 சதுர அடிக்கு மட்டும் விலை போட்டிருந்தால் ஏதோ தவறு இருக்கிறது என்று அர்த்தம்.

என்ன கண்ணாடி? கடைக்காரர் "12 எம்எம் டஃபன்ட் போடுங்க, மேலே ஆள் நின்றாலும் உடையாது" என்பார். டஃபன்ட் என்றால் சூடாக்கி உறுதியாக்கிய கண்ணாடி. தலைக்கு மேல் வெறும் டஃபன்ட் கண்ணாடி போடக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். டஃபன்ட் கண்ணாடிக்குள் நிக்கல் சல்ஃபைடு துகள் ஒன்று சிக்கியிருந்தால், யாரும் தொடாமலே ஒரு நாள் பட்டென்று வெடிக்கும். சின்னச் சின்னத் துண்டாகத்தான் உடையும், கத்தி மாதிரி இருக்காது, உண்மைதான். ஆனால் 45 கிலோ துண்டுகள் கீழே உட்கார்ந்திருக்கும் குழந்தையின் தலையில் கொட்டும். போட வேண்டியது டஃபன்ட் லேமினேட் கண்ணாடி. 6 மி.மீ. டஃபன்ட் இரண்டு, நடுவில் 1.52 மி.மீ. பி.வி.பி. பிளாஸ்டிக் படலம், மொத்தம் 13.52 மி.மீ. உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். பக்கத்தில் தென்னை மரம் இருக்கிறவர்களும் குரங்கு வரும் ஊர்க்காரர்களும் இதை இரண்டாவது தடவை படியுங்கள். சதுர அடி 450 முதல் 600 ரூபாய் வரை ஆகும். 16 சதுர அடிக்கு 7,000 முதல் 9,500. அலுமினியச் சட்டம், ஈ.பி.டி.எம். ரப்பர், சீலன்ட், ஏற்றிப் பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்தால் 13,000 முதல் 17,000-க்குள் முடியும்.

சீலன்ட் பற்றி ஒரு வார்த்தை. குழாயைத் திறந்ததும் காடி வாசனை வந்தால் அது அசெட்டிக் சிலிகான், மீன் தொட்டிக்கும் பாத்ரூம் கண்ணாடிக்கும் ஆகும். கான்கிரீட்டில் அது சரியாக ஒட்டாது, இரும்பை அரிக்கும், லேமினேட்டின் ஓரத்தையும் கெடுக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு குழாய்க்கு நூறு ரூபாய் சுமாருக்குத்தான் வித்தியாசம். வேலை நடக்கும் அன்று கூட நின்று முகர்ந்து பாருங்கள், தவறே இல்லை.

"கண்ணாடி எதற்கு, பாலிகார்பனேட் போட்டால் மலிவாச்சே" என்று கேட்பீர்கள். மலிவுதான், 10 மி.மீ. பலஅடுக்கு ஷீட் சதுர அடி 100, 150 ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் 16 சதுர அடிக்கு மிச்சம் ஆவது ஆறேழாயிரம் ரூபாய்தான். வெட்டுவது, சேனல், கட்டு, வாட்டர்ப்ரூஃபிங் எதுவும் குறையாது. எட்டுப் பத்து வருடத்தில் மஞ்சளாகி மாற்ற வேண்டி வரும். வெயிலுக்கு நீளும் பொருள் அது, 3 மீட்டர் ஷீட் வெயிலுக்கும் குளிருக்கும் நடுவே எட்டு மில்லிமீட்டர் வரை நீண்டு சுருங்கும். ஸ்க்ரூ ஓட்டையைப் பெரிதாக விடாமல் முறுக்கினால் அந்த இடத்திலேயே கீறும், ஒழுகும். செட்டிநாட்டு வீட்டு வளவு மாதிரி பெரிய முற்றத்தை மூடும்போது பாலிகார்பனேட்டுக்கு நியாயம் இருக்கிறது, எடை குறைவு, அகலமாகப் போடலாம். போடும்போது புற ஊதாக் கதிர்ப் பூச்சு உள்ள பக்கம் மேலே வருகிறதா என்று பாருங்கள், ஷீட்டின் மேல் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். 3 அடிச் சதுரத்துக்கு நான் கண்ணாடிதான் சொல்வேன்.

வெயில்தான் நம் ஊரில் பெரிய கேள்வி. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஹால் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்று வருகிறார்கள். அங்கே வெயில் சாய்ந்து விழும். நமக்கு நேர் தலைக்கு மேலே நிற்கும். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும், சென்னையில் ஏப்ரல் 24, 25 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சியில் வரும், நட்ட கம்புக்கு நிழலே விழாது. இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஆகவே வடக்குப் பார்த்துச் சாய்த்தால் வெயில் வராது என்பதும் இங்கே முழு உண்மை இல்லை.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் விழுகிறது. சாதாரணத் தெளிவான கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். 3 அடிச் சதுரம் வழியாக 650 வாட் சுமாருக்கு உள்ளே வரும், நடு ஹாலில் ஒரு அயர்ன் பாக்ஸை ஆன் செய்து வைத்தது போல. இன்டீரியர்காரர் சொன்ன 6 அடிச் சதுரம் என்றால் 2,600 வாட்டைத் தாண்டும். ஒரு டன் ஏசி வெளியேற்றக் கூடிய வெப்பமே 3,500 வாட்தான். அதில் முக்கால் பங்கு ஓட்டைக்கே போய்விடும். என் அக்கா வீட்டில் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் பெரிய தெளிவான கண்ணாடி போட்டார்கள். முதல் ஏப்ரலில் வெயில் கட்டம் கட்டமாகச் சோபாவின் மேல் விழுந்து, பன்னிரண்டு மணிக்கு ஹாலில் யாரும் உட்கார முடியவில்லை. இப்போது அதன் மேல் பச்சை ஷேட் நெட் கட்டியிருக்கிறது.

பெரிதாக வைத்தால்தான் வெளிச்சம் வரும் என்பதும் இல்லை. ஹாலின் தரைப் பரப்பில் மூன்று முதல் ஐந்து சதவீதம் போதும். உங்கள் 168 சதுர அடி ஹாலுக்கு 5 முதல் 8 சதுர அடி. செய்யும் வசதிக்காக 3 அடிச் சதுரம் என்று எடுத்துக்கொண்டேன், 2 அடிக்கு 3 அடி வைத்தாலும் பகலில் பேப்பர் படிக்கலாம். நடு பி.வி.பி. படலத்தைப் பால் வெள்ளையாகக் கேளுங்கள். விலை கொஞ்சம் கூடும். வெயில் கட்டமாக விழாமல் ஹால் முழுக்கப் பரவி நிற்கும், மேலே படிந்த தூசியும் கீழே இருந்து தெரியாது. இன்னும் செலவழிக்க முடிந்தால் வெளிக் கண்ணாடியை வெப்பம் தடுக்கும் பூச்சுள்ளதாகப் போடுங்கள், உள்ளே வரும் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கும். திரை போடுவதானால் கண்ணாடிக்கு வெளியே போட வேண்டும். உள்ளே போட்ட திரை வெளிச்சத்தைத்தான் மறைக்கும், வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்திருக்கும். சித்திரை, வைகாசி இரண்டு மாதத்துக்கு மேலே ஒரு துண்டு ஷேட் நெட்டைக் கொக்கி வைத்துக் கட்டும்படி நான்கு வளையம் வெல்டு வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இதோடு ஒரு நல்ல காரியமும் செய்யலாம். கட்டின் உயரமான பக்கத்தில் ஆறு அங்குலத்துக்கு லூவர் (சாய்ந்த பட்டைகள் அடுக்கிய காற்றுத் திறப்பு) வைத்து, உள்ளே கொசுவலை அடித்துவிட்டால் மேலே ஏறும் சூடான காற்று வெளியேறும். மழைக் காற்று அடிக்கும் திசையில் மட்டும் அதை வைக்காதீர்கள். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கில் இருந்து வரும், எனவே லூவர் தெற்கு அல்லது மேற்குப் பார்த்து இருக்கட்டும். கடற்கரை ஊர்க்காரர்கள் கண்ணாடியைச் சீலன்டை மட்டும் நம்பி ஒட்டாமல், நான்கு பக்கமும் கிளாம்ப் போட்டுப் போல்ட்டால் இறுக்க வேண்டும். புயல் காற்று கண்ணாடியை அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்கும். 2016 டிசம்பரில் வர்தா சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா டெல்டாவிலும் எத்தனை மாடிக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போயின என்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடிக்கு அடியில் கிரில் கட்டாயம், 12 மி.மீ. சதுரக் கம்பி, நாலு அங்குல இடைவெளி. திருடனுக்காகவும், தெரியாமல் மேலே ஏறிவிடும் பிள்ளைக்காகவும். 3,000, 4,000 ஆகும். உள்ளே பூச்சு, பெயின்ட் 4,000 முதல் 6,000. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நான் சொன்ன 60,000 முதல் 80,000-க்குள் வந்து நிற்கும். பில் போட்டு வாங்கினால் ஜி.எஸ்.டி. தனி. சென்னை, கோவையில் கூலி கொஞ்சம் கூடும்.

இவ்வளவு வேண்டாம், வெளிச்சம் மட்டும் வந்தால் போதும் என்றால் குழாய் ஸ்கைலைட் ஒன்று இருக்கிறது. 10 அல்லது 14 அங்குல வட்ட ஓட்டை, அதில் உள்பக்கம் கண்ணாடி போல மின்னும் அலுமினியக் குழாய், மேலே ஒரு குமிழ் மூடி, கீழே பால் நிறத் தட்டு. வட்ட ஓட்டையைக் கோர் கட்டிங் மெஷின் ஒரு மணி நேரத்தில் சுத்தமாக எடுத்துவிடும். அறுபடும் மெயின் கம்பி இரண்டு மூன்றுதான், அதனால் இன்ஜினியர் பார்த்துச் சரி என்றால் பெரும்பாலும் சேனல் தேவைப்படாது. உள்ளே வரும் வெப்பமும் குறைவு. பொருளும் பொருத்துவதும் சேர்த்து 25,000 முதல் 40,000 ரூபாய் ஆகலாம். வானம் தெரியாது, நிலா தெரியாது, அது ஒன்றுதான் குறை. பாத்ரூம், பூஜை இடம், நடை, ஸ்டோர் ரூம் இவற்றுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. உங்கள் ஹாலுக்கே 14 அங்குலக் குழாய் ஒன்று வைத்துப் பார்க்கலாம், குறைந்தால் ஒரு வருடம் கழித்து இன்னொன்று.

வேலையை மாசி, பங்குனியில் வையுங்கள். மழை இல்லை, பூச்சு நன்றாகக் காயும், கோடையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம். பேசிய தொகையில் 10,000 ரூபாயையாவது கையில் நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்த பிறகு மாடியின் தண்ணீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்து, கட்டைச் சுற்றி இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, ஒரு முழு நாள் விடுங்கள். கடைசியில் ஹோஸ் பிடித்துக் கண்ணாடி மேலும் அரை மணி நேரம் அடியுங்கள். கீழே ஒருவர் ஏணி போட்டு ஏறி, சேனலுக்கும் தளத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை விரலால் தடவிப் பார்க்கட்டும். நான்கு மூலையும் காய்ந்திருந்தால் அந்த 10,000-ஐக் கொடுத்துவிடலாம்.